ரூபாய்க்கு எத்தனை படி?

பழைய தூத்துக்குடி விலைவாசி பற்றிப் போன முறை போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது என் பூட்டனாரின் மளிகைக் கணக்கு நோட்டு கிடைத்தது. 1909-ஆம் வருஷத்தது. ஒரு பக்கத்தின் அடியில் "ஆக 2-11-9" என்று இருக்கிறது. இது தேதியா, தொகையா?

தொகைதான். 2 ரூபாய், 11 அணா, 9 பை. நம் பக்கத்தில் பையைத் தம்பிடி என்பார்கள். 12 தம்பிடி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. இதைப் பைசாவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அன்றைய பைசா என்பது காலணாக் காசு, மூன்று தம்பிடி. ரூபாய்க்கு 64.

கூட்டிப் பார்த்தால் பழகிவிடும். 0-5-9 ஒரு செலவு, 0-12-6 இன்னொரு செலவு. தம்பிடி வரிசையில் 15 வருகிறது, 12-ஐ ஓர் அணாவாக்கி மேலே அனுப்பினால் மீதி 3. அணா வரிசையில் 5, 12, வந்த 1 எல்லாம் சேர்ந்து 18. அதில் 16 போய் ரூபாயாகிறது. விடை 1-2-3. நாம் கால்குலேட்டரைத் தேடும் இந்தக் கணக்கை உங்கள் பூட்டனார் கடை வாசலில் நின்றபடியே போட்டிருப்பார். அணாவே ரூபாயில் வீசம், அதாவது பதினாறில் ஒன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை ராகம் போட்டு ஒப்பித்தவர்களுக்கு அது விரல்நுனிக் கணக்கு.

கேள்வி: அதே நோட்டில் அரிசிக்கு விலையே இல்லை. ஓர் இடத்தில் "ரூ.1க்கு படி 6", சில மாதம் கழித்து "படி 5" என்று மட்டும் இருக்கிறது. ஆறு ஐந்தாகிவிட்டதே, விலை இறங்கியதா?

இல்லை, ஏறியிருக்கிறது. தானியத்துக்கு அன்று படி என்ன விலை என்று கேட்பதில்லை, ரூபாய்க்கு எத்தனை படி என்றுதான் கேட்பார்கள். அரசாங்கமே விலைப் பட்டியலை அப்படித்தான் வைத்திருந்தது, ரூபாய்க்கு இத்தனை சேர் என்று. எண் குறைந்தால் வீட்டில் கவலை கூடும்.

உங்கள் நோட்டின்படி ஆறு படி விற்றபோது ஒரு படி 2 அணா 8 தம்பிடி. ஐந்து படியானதும் 3 அணா 2 தம்பிடியைத் தாண்டுகிறது. நூற்றுக்கு இருபது ஏற்றம். ஒருவருக்கு நாளுக்கு நாலணா கூலி என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தினம் ஒரு படி அரிசி உலையில் போகிறது. முன்பு அரிசி போக 16 தம்பிடி மிஞ்சும், இப்போது 10 தம்பிடி மிஞ்சுவதே கஷ்டம். பருப்பு, எண்ணெய், விறகு, துணி, வைத்தியம் எல்லாம் அதற்குள்தான். "அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு மூட்டை அரிசி" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இந்தப் பத்துத் தம்பிடியை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, எந்தப் படி என்பதையும் கேட்க வேண்டும். பட்டணம்படி என்றும் சின்னப்படி என்றும் ஊருக்கு ஊர் படி மாறும். ஒரே ஊரிலேயே குவித்து அளப்பது ஒரு வகை, தலை வழித்து அளப்பது இன்னொரு வகை. இரும்புப் படியின் வாயில் பித்தளைப் பட்டை போட்டிருக்கும். அளக்கும் கை பெருவிரலைப் பட்டைக்கு உள்ளே விட்டுப் பிடித்தால் ஒரு விரல் கன அரிசி கடைக்காரருக்கு மிச்சம். அடி நெளிந்து உள்ளே குழிந்த படியும் அதே வேலையைச் செய்யும். கடைசியில் இரண்டு மிளகாயையோ ஒரு கொத்துக் கறிவேப்பிலையையோ கொசுறாகப் போட்டுவிட்டால் வாங்கியவர் சந்தோஷமாகப் போவார். கொசுறு தாராளமாக விழும் கடையில் படியை ஒருமுறை கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. இந்தக் குழப்பத்துக்கு முடிவு வந்தது 1956-இல் எடை, அளவுச் சட்டம் வந்து, பிறகு கிலோவும் லிட்டரும் கடைக்கு வந்தபோதுதான்.

கேள்வி: உப்பளத்து ஊர்க்காரர்களுக்கு உப்பாவது சும்மா கிடைத்திருக்குமே?

கிடைத்திருக்காது. கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை வெளேரென்று அம்பாரம் கிடந்தாலும் வரி கட்டிய உப்பைத்தான் வாங்க வேண்டும். உவர்மண்ணைச் சுரண்டி வீட்டுக்குக் கொஞ்சம் காய்ச்சிக்கொள்வதுகூடக் குற்றம்.

வரி மணங்குக்கு இவ்வளவு என்று போட்டார்கள். இது அரசாங்க மணங்கு, 82 ராத்தல், கிட்டத்தட்ட 37 கிலோ. நம் ஊர் மணங்கு 8 வீசை, அதாவது 25 ராத்தல்தான். பழைய கணக்குகளைப் படிக்கிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. நூற்றாண்டு பிறந்தபோது மணங்குக்கு இரண்டரை ரூபாயாக இருந்த வரி 1903-இல் 2 ரூபாய், 1905-இல் ஒன்றரை, 1907-இல் ஒரு ரூபாய் என்று இறங்கியது. 1916-இல் ஒன்றேகால் ஆனது. 1923-இல் ஒரேயடியாக மறுபடி இரண்டரை. எதிர்ப்புக் கிளம்பி அடுத்த வருஷமே ஒன்றேகாலுக்குத் திரும்பியது.

ஐந்து பேர் உள்ள வீட்டில் ஊறுகாய், கருவாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு அப்படி ஒரு மணங்கு உப்புப் போகிறது என்று கொள்ளுங்கள். நம் நாலணாக் கூலிக்காரருக்கு இரண்டரை ரூபாய் என்றால் பத்து நாள் கூலி, அதுவும் வரிக்கு மட்டும்.

கேள்வி: வ.உ.சி. கப்பல் விட்டபோது வெள்ளைக்காரக் கம்பெனி ஆளுக்கொரு குடை கொடுத்தது என்கிறார்களே, உண்மையா? இலவசமாக ஏற்றிக்கொண்டு போய்க் குடையும் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு லாபம்தானே?

உண்மைதான். தூத்துக்குடி–கொழும்பு வழியைப் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி தன் கையில் வைத்திருந்தது. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஒரு பங்கு வாங்க நம் கூலிக்காரர் நூறு நாள் உழைக்க வேண்டும். 1907-இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

அப்புறம் ஆரம்பித்தது விலைச் சண்டை. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. உடனே அவர்கள் காசே வேண்டாம், ஏறுங்கள், குடையும் தருகிறோம் என்றார்கள்.

அன்று கரையில் நின்ற பயணிக்கு லாபம், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குடை எத்தனை மழைக்குத் தாங்கும்? அவர்களுக்குப் பல வழிகளில் கப்பல் ஓடியது, இந்த ஒரு வழியில் விழும் நஷ்டத்தை வேறு வழிகளில் ஈடுகட்டிக்கொள்ளலாம். சுதேசிக் கம்பெனிக்கு அந்த வசதி இல்லை. அதோடு 1908 மார்ச்சில் வ.உ.சி.யைச் சிறையில் போட்டார்கள். 1911-இல் கம்பெனியே கலைந்தது. போட்டி ஒழிந்த பிறகு குடை கொடுக்க யாருக்கு அவசியம்? அடக்க விலைக்குக் கீழே விற்றுப் போட்டியாளரை ஒழிக்கும் இந்த வேலையைச் சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் இன்று செய்தால், 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி குற்றச்சாட்டு வரும். அன்று கேட்க ஆளில்லை. எட்டணா கொடுத்து சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை.

கேள்வி: பவுன் 15 ரூபாய்க்கு விற்றதாமே! நம் முன்னோர் ஏன் வாங்கிக் குவிக்கவில்லை?

15 ரூபாய் என்பது நகைக்கடை விலை இல்லை, நாணய மாற்று விகிதம். பவுன் என்பதே இங்கிலாந்தின் தங்க நாணயம், எடை 7.98 கிராம். நாம் இன்றும் எட்டு கிராமைப் பவுன் என்பது அதனால்தான். நாலணாக் கூலியில் அது 60 நாள் உழைப்பு. உங்கள் ஊர் இன்றைய கூலியை 60-ஆல் பெருக்கிப் பாருங்கள். கூடவே பத்துத் தம்பிடி மிச்சத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாட்டியின் சுருக்குப் பையில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 1911 வெள்ளி ரூபாய் ஒன்று இருந்தது. இணையத்தில் ஒருவர் பல லட்சம் தருகிறேன் என்கிறார், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் கட்டச் சொல்கிறார்.

கட்டாதீர்கள். பழைய நோட்டு, நாணயத்தின் பேரால் கட்டணமும் கமிஷனும் கேட்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

உங்கள் ரூபாய்க்கு மதிப்பு இல்லாமல் இல்லை. எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதனால் 10 கிராமுக்கு மேல் வெள்ளி இருக்கிறது. 1911 என்பதால் கூடுதல் சுவாரசியமும் உண்டு. மன்னர் அங்கியில் இருந்த யானை பார்க்கப் பன்றி போல இருந்ததால் சர்ச்சையாகி, அந்த நாணயத்தைத் திரும்பப் பெற்று 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். அதனாலேயே 1911-இல் போலிகளும் நிறைய. முதலில் எடை போட்டுப் பாருங்கள், பிறகு நேரில் இரண்டு நாணய வியாபாரிகளிடம் காட்டுங்கள். நூறு வயதைத் தாண்டிய நாணயத்தை வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் அனுமதிக்காது, அதனால் அங்கிருந்து யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

முக்கியமாக, புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். தேய்த்தால் சேகரிப்பவர் தரும் விலை போய், வெறும் வெள்ளி விலைதான் கிடைக்கும்.