பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ் போடலாம்?

ஒரு வாசகர் கேட்டிருக்கார்: வீட்டுல அஞ்சாம் தலைமுறை ஐ3 லேப்டாப், 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் நின்னுபோச்சு, 11 ஏறமாட்டேங்குது. யூடியூப், தமிழ்ல லெட்டர், எப்பவாவது ஒரு பிரிண்ட், அவ்ளோதான் வேலை. விண்டோஸுக்குப் பதிலா போடுற லினக்ஸ்ல உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன்னு ஆளுக்கு ஒரு வகை சொல்றாங்க, எதைப் போடட்டும்?

லினக்ஸ் மின்ட், அதுல எக்ஸ்எஃப்சிஇங்கிற லேசான டெஸ்க்டாப்போட வர்ற எடிஷன். ஆனா அதுக்கு முன்னாடி அந்த ஹார்ட் டிஸ்க்க கழட்டிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்க, 240 ஜிபி போதும், ஏன்னா எந்த லினக்ஸ் வகையப் போட்டாலும் அந்த டிஸ்க் இருக்கிற வரைக்கும் ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வரணும். ராம் இன்னொரு 4 ஜிபி சேர்க்க முடிஞ்சா இன்னும் நல்லது, அந்தக் கால லேப்டாப்ல பெரும்பாலும் டிடிஆர்3எல் வகை ராம் தான், ஸ்லாட் காலியா இருக்கான்னு திறந்து பாத்துட்டு வாங்குங்க.

உபுண்டு மோசம்னு சொல்லல. அதோட க்னோம் டெஸ்க்டாப் 4 ஜிபில மூச்சு வாங்கும், அதுல பயர்ஃபாக்ஸே ஸ்னாப்ங்கிற, தேவையானதெல்லாம் உள்ளயே கட்டி வச்ச பேக்கேஜாதான் வருது, பழைய மெஷின்ல முதல் தடவை திறக்க நேரம் எடுக்கும். மின்ட் உள்ளுக்குள்ள உபுண்டு தான், ஆனா ஸ்னாப் கிடையாது, கீழ மெனு, டாஸ்க்பார் எல்லாம் விண்டோஸ் பழகின கைக்கு அப்படியே பழகிடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. ஃபெடோரா எனக்கே பிடிக்கும், ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு வெர்ஷன், ஒவ்வொண்ணுக்கும் ஏறக்குறைய 13 மாசம்தான் சப்போர்ட், வீடியோ ஓட வேண்டிய கோடெக் சாஃப்ட்வேர் சிலது நாமளே தேடிப் போடணும், வீட்டுல நாலு பேர் தொடுற மெஷினுக்கு அந்த வேலை எதுக்கு? டெபியன் கல்லு மாதிரி நிக்கும், இன்ஸ்டால் பண்ண கொஞ்சம் பொறுமை வேணும். எல்லாத்தையும் நாமளே அமைச்சுக்க வேண்டிய ஆர்ச் லினக்ஸ் பக்கம் இப்போதைக்கு போகாதீங்க.

இன்ஸ்டால் அமுக்குறதுக்கு முன்னாடி பென்டிரைவ்ல இருந்து லைவா ஓட்டிப் பாருங்க, டிஸ்க்ல எதுவும் மாறாது. வைஃபை புடிக்குதா, சவுண்டு வருதா, மூடித் திறந்தா முழிக்குதா, முக்கியமா பிரிண்டர். நான் ஒருதடவை பிரிண்டரை மட்டும் பாக்காம சொந்தக்காரர் வீட்டுல போட்டுட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை பூரா டிரைவரோட மல்லுக்கட்டி கடைசில பிடிஎஃப்பா போன்ல அனுப்பி கடைல பிரிண்ட் எடுத்தோம்.

தமிழ்ல டைப் பண்ண, மின்ட்டோட சாஃப்ட்வேர் மேனேஜர்ல ஐபஸ், ஐபஸ்-எம்17என் ரெண்டும் போடுங்க, இன்புட் மெத்தட் செட்டிங்ல ஐபஸ்ஸ தேர்வு பண்ணி ஒருதடவை லாக் அவுட் பண்ணிட்டு வாங்க, அப்புறம் தமிழ்99, டைப்ரைட்டர், அம்மான்னு இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிற ஃபொனெடிக் மூணும் லிஸ்ட்ல இருக்கும். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்ச லெட்டர் ஏதாவது வச்சிருந்தா, விண்டோஸை அழிக்கிறதுக்கு முன்னாடி அந்த ஃபான்ட் ஃபைலையும் சேர்த்து எடுத்து வச்சுக்கோங்க, இல்லன்னா திறந்தா வெறும் இங்கிலீஷ் கிறுக்கல்தான் தெரியும்.

டேலி, போட்டோஷாப் மாதிரி ஏதாவது அன்னாடம் ஓட்டுறீங்கன்னா சொல்லுங்க, அப்ப பதில் வேற.