சாராய ஆலைக் கழிவுநீரை வயலுக்குப் பாய்ச்சினால் மண்ணிலுள்ள சிற்றுயிர்கள் என்ன ஆகும்?

எவ்வளவு, எத்தனை தடவை பாய்ச்சுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாராயம் வடிக்கும் ஆலையின் கழிவுநீரில் கரிமப்பொருளும் பொட்டாசியமும் ஏராளம். நிறையத் தண்ணீர் கலந்து அளவாக விட்டால் பாக்டீரியா பெருகும், அதைத் தின்னும் நூற்புழுக்களும் (மண்ணில் வாழும், நூல்போன்ற மிக நுண்ணிய புழுக்கள்) பெருகும். அதைப் பார்த்து மண் செழித்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். தலைக்கணக்கு கூடும்போதே வகைகள் குறையலாம். மெதுவாக இனம்பெருக்கும், இரைபிடித்துத் தின்னும் பெரிய நூற்புழுக்கள்தான் பெரும்பாலும் முதலில் அடிபடும்.

மண்புழு தோலால் சுவாசிப்பது. தண்ணீர் கலக்காமல் விட்ட கழிவு மக்கும்போது மண்ணிலிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். கழிவிலுள்ள உப்போ அந்த ஈரத்தோலிலிருந்து நீரை இழுத்துவிடும். பாய்ச்சிய கையோடு புழுக்கள் மேலே வந்து நெளிந்தால் உடனே நிறுத்துங்கள். என்னைக் கேட்டால், மண்ணின் உப்புத்தன்மையைச் சோதித்து, ஓரடிச் சதுரம் தோண்டி மண்புழுவை எண்ணிப் பார்த்த பிறகே அடுத்த தடவை விடவேண்டும்.