ஆக்டேவியா விஆர்எஸ்: போட்ட காசு திரும்புமா?

வணக்கம் நண்பரே. 2018 ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் காரில் ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிப் பவர் கூட்டுவது), டவுன்பைப் (டர்போவை அடுத்து வரும் புகைக்குழாய்), வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங், அலாய் வீல் என்று மூன்றரை லட்சம் போட்டிருக்கிறேன், விற்கும்போது அதையும் விலையில் சேர்த்துக் கேட்கலாமா என்கிறீர்கள். தாராளமாகக் கேட்கலாம், தருபவர்தான் கிடைக்க மாட்டார்.

பழைய ஸ்பிரிங், வீல், டவுன்பைப் எல்லாம் பரணில் கிடந்தால் இறக்கித் திரும்ப மாட்டிவிடுங்கள். வெளியில் வாங்கிய பாகங்களைத் தனியாக விற்றால் கொஞ்சமாவது தேறும்.

ரீமேப் கதை வேறு. கம்பெனியின் பழைய புரோகிராமை (ஸ்டாக் ஃபைல்) மறுபடி ஏற்றினாலும் கம்பெனி சர்வீஸில் ஸ்கேன் போட்டால் தடம் தெரியலாம். மறைக்காதீர்கள். கம்பெனியே 230 பிஎஸ் பவரும் 350 என்எம் டார்க்கும் கொடுத்த வண்டி. அதற்கும் மேல் ஏற்றியது என்றதும், விவரமானவர் முதலில் கேட்பது டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கிளட்ச் எப்படி இருக்கிறது என்றுதான். மெதுவாக ஊர்ந்து போகும்போது உதறினால் அங்கேயே விலை இறங்கும். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில்லை எடுத்து வையுங்கள். அலாயைவிட அந்தக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

டவுன்பைப்பில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இல்லையென்றால் அப்படியே விற்க வேண்டாம். வண்டியைக் கம்பெனி அமைப்பிலிருந்து மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைக் காட்டியே பேரம் பேசுவார்கள்.