கணினி கேம்களில் எது உண்மையிலேயே நல்ல கேம், எது வெறும் பில்டப்?

கேள்வி இதுதான்: "நீங்கள் விளையாடிய கணினி கேம்களைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லுங்கள், எது தேறும், எது தேறாது?"

சொல்கிறேன், அப்புறம் கமெண்டில் வந்து திட்டக் கூடாது. நான் பெரிய பிளேயர் எல்லாம் கிடையாது. திண்டுக்கல்லில் பத்தாவது படிக்கும்போது மணிக்கு இருபது ரூபாய் பிரவுசிங் சென்டரில் ஆரம்பித்தது, இப்போது 37 வயது, கோயம்புத்தூரில் வேலை, பொண்ணு தூங்கின பிறகு கிடைக்கும் ஒன்றரை மணி நேரம்தான் என் கேம் வாழ்க்கை. அதனால் என் அளவுகோலும் சின்னதுதான். தோற்றவுடன் யார் மேல் கோபம் வருகிறது என்று பார்ப்பேன். என் மேலேயே வந்தால் அது நல்ல கேம். கேம் செய்தவன் மேல் வந்தால் அழித்துவிடுவேன். யார் மேலும் வராமல் கொட்டாவி வந்தால் அதுதான் இருப்பதிலேயே மோசம்.

இந்த அளவுகோலில் முதலில் அடிபடுவது நான் உயிரையே விட்ட ஐஜிஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம். 2000 கடைசியில் வந்த கேம், நார்வேயில் இன்னர்லூப் என்ற கம்பெனி செய்தது, நம் ஊரில் அதை விளையாடாத பிரவுசிங் சென்டரே இருந்திருக்காது. அதற்கு முன்னால் அவர்கள் போர்விமான கேம் ஒன்று செய்திருந்தார்கள், அந்த எஞ்சினை, அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளை, வைத்தே இதையும் கட்டினார்கள். அதனால்தான் மலை மேல் நின்று பைனாகுலரில் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நிலம் விரிந்து கிடக்கும், அந்தக் காலத்துக்கு அது பெரிய அதிசயம். ஆனால் அந்த நிலத்தில் நிற்கிற சிப்பாய்களுக்கு மூளை என்று ஒன்று வைக்க மறந்துவிட்டார்கள். அலாரம் அடித்துவிட்டால் போதும், அத்தனை சின்னக் கட்டடத்துக்குள் இருந்து ஆள் வந்துகொண்டே இருப்பான், நீங்கள் சுட்டுக்கொண்டே இருக்கலாம், ரேஷன் கடை வரிசை மாதிரி தீரவே தீராது. இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மிஷன் நடுவில் சேவ் செய்ய வழி கிடையாது என்பதுதான் கொடுமை. நாற்பது நிமிடம் தவழ்ந்து தவழ்ந்து போய், கேமராவை எல்லாம் அணைத்து, கடைசி கேட்டில் எங்கிருந்தோ வந்த ஒரு குண்டில் செத்தால் திரும்ப முதலில் இருந்து. இதை மணிக்குக் காசு கட்டி விளையாடுகிறவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள், பால் வாங்கக் கொடுத்த காசு இரண்டு தடவை பார்டர் கிராசிங் மிஷனில் கரைந்திருக்கிறது. இன்றைக்கு அதே கேமைப் போட்டால் பத்து நிமிடம் தாங்க முடியவில்லை. ஆனாலும் அந்த மேப் கம்ப்யூட்டரைத் திறந்து சாட்டிலைட்டில் எதிரி நடமாட்டத்தைப் பார்க்கும்போது மட்டும் இப்போதும் கொஞ்சம் சிலிர்க்கிறது. சரி, அது கேமுக்காக இல்லை, வயசுக்காக.

அதே சென்டரில்தான் இரண்டு டீமாகப் பிரிந்து சுட்டுக்கொள்ளும் கவுண்டர் ஸ்டிரைக் 1.6. இதற்கு நான் என்ன விமர்சனம் எழுத? டஸ்ட் 2 மேப்பில் எந்தச் சுவருக்குப் பின்னால் யார் நிற்பான் என்று என் தெருவைவிட நன்றாகத் தெரியும், அப்படியும் சென்டர் அண்ணன் ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடுவாசலைப் பார்த்து உட்கார்ந்தால் மொத்தப் பேரும் வரிசையாகப் போய் விழுவோம். ஒரு தடவை கூட கேம் ஏமாற்றிவிட்டது என்று தோன்றியதில்லை, அண்ணன் நம்மைவிடக் கெட்டிக்காரர் என்றுதான் தோன்றும். பிற்பாடு வாலரண்ட் வந்தபோது இதே மாதிரி இருக்கும் என்று நம்பிப் போனேன். கேம் நல்ல கேம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆளுக்கொரு மந்திரம், தந்திரம், சுவர் எழுப்புவது, புகை போடுவது என்று கற்றுக்கொள்ளவே ஒரு டிகிரி படிக்க வேண்டும், அதற்குள் டீமில் இருக்கிற பதினைந்து வயசுப் பையன் மைக்கில் "அங்கிள், நீங்க போய்த் தூங்குங்க" என்றான். தூங்கப் போய்விட்டேன்.

கிரிக்கெட் 07 பற்றிச் சொன்னால் பாதிப் பேர் அடிக்க வருவீர்கள். 2006 நவம்பரில் வந்தது, அதன் பிறகு அதைச் செய்த இஏ கம்பெனி கிரிக்கெட் பக்கமே வரவில்லை, அதனால் அந்த ஒரே கேமை ரசிகர்களே ஜெர்சி மாற்றி, ஸ்டேடியம் மாற்றி, கேம் வந்தபோது பிறக்கவே பிறக்காத ஐபிஎல் அணிகளை எல்லாம் உள்ளே போட்டு வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தார்கள். அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு. ஆனால் கேம்? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். இறங்கி வந்து கவர் மேலே தூக்கி அடிக்கத் தெரிந்துவிட்டால் அதோடு கதை முடிந்தது, முத்தையா முரளிதரன் போட்டாலும் சரி, பக்கத்து வீட்டுத் தாத்தா போட்டாலும் சரி, சிக்ஸ்தான். இருபது ஓவரில் 400 அடித்துவிட்டு, பௌலிங் போட வேண்டிய நேரத்தில் பாதிப் பேர் கேமை மூடிவிடுவோம். தோற்கவே முடியாத ஒன்றை விளையாட்டு என்று எப்படிச் சொல்வது? பிற்பாடு டான் பிராட்மேன் கிரிக்கெட் 14 வந்தது, பிக் ஆன்ட் செய்தது, அதில் முதல் பந்திலேயே எனக்கு ஆஃப் ஸ்டம்ப் பறந்தது, இரண்டாவது மேட்சில் 46க்கு ஆல் அவுட். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஃபீல்டர்கள் பந்தை விட்டுவிட்டு வேறு எங்கோ ஓடுவார்கள், ஆனால் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை விட வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்திய முதல் கேம் அதுதான். என் ஓட்டு அதற்கே.

கார் திருடி ஊர் சுற்றும் ஜிடிஏ வரிசையில் வைஸ் சிட்டி பெரிதா சான் ஆண்ட்ரியாஸ் பெரிதா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. வைஸ் சிட்டியில் நீச்சல் தெரியாத டானைப் பார்த்துப் பார்த்து அலுத்ததால் சான் ஆண்ட்ரியாஸ் என்று சொல்லிவிட்டு நகர்கிறேன். அந்த ரயில் மிஷன் ஒன்று போதும், பைக்கின் பின்னால் உட்கார்ந்திருக்கிற நம் கூட்டாளி பிக் ஸ்மோக் வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டு, ரயிலை ஒழுங்காகத் துரத்தவில்லை என்று நம்மைத் திட்டுவார். ரயிலை ஒட்டிப் போகாமல் கொஞ்சம் விலகி ஓட்டினால் அவருக்குக் குறி சரியாகக் கிடைக்கும் என்பது எனக்குத் தெரிந்தது நான்கு வருடம் கழித்து. பாவம், அவரைத் திட்டாத நாளில்லை.

இப்போது பெரிய கைகளுக்கு வருகிறேன்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, கவ்பாய் காலத்து அமெரிக்காவில் நடக்கிற கேம். கணினிக்கு 2019இல் வந்தது, 150 ஜிபி இடம் கேட்டது. எங்கள் ஏரியா நெட்காரர் மாதக் கோட்டா வைத்திருந்த காலம், பாதி இந்த மாதம் பாதி அடுத்த மாதம் என்று தவணையில் இறக்கினேன். பனியில் குதிரை நடக்கிற அந்த முதல் காட்சியைப் பார்த்ததும் தவணை எல்லாம் மறந்துவிட்டது, குளிரில் குதிரைக்கு எங்கெங்கே சுருங்க வேண்டுமோ அது வரை யோசித்து வைத்திருக்கிறார்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆனால் இவ்வளவு பெரிய உலகத்தைக் கொடுத்துவிட்டு, மிஷன் என்று ஆரம்பித்ததும் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. இந்த வழியாகத்தான் போகணும், இவன் பின்னால்தான் ஒளியணும், கொஞ்சம் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கமாக வரலாமே என்று நான்கு அடி விலகினால் மிஷன் தோல்வி. அங்கே எனக்கு வந்தது என் மேல் கோபம் இல்லை. மிஷனை விட்டுவிட்டு மான் வேட்டை, மீன் பிடிப்பது, சும்மா குதிரையில் சுற்றுவது என்று இருந்தால் இதைவிடச் சிறந்த கேம் உலகத்திலேயே இல்லை, நான் அப்படித்தான் நூறு மணி நேரம் ஓட்டினேன். கதையை முடித்தபோது அழுதேன் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன்.

விட்சர் 3 அப்படியே தலைகீழ். சண்டை போடுவது எனக்கு இன்று வரை பிடிக்கவில்லை, நாயகன் கெரால்ட் ஏதோ நடனப் போட்டிக்கு வந்தவர் மாதிரி சுழன்றுகொண்டே இருப்பார். ஆனால் பிளடி பேரன் கதை வரும் பாருங்கள், குடித்துவிட்டு மனைவியை அடித்த ஒரு மனிதன், அவனை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் நம்மை உட்கார வைத்துவிடுவார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் யாருக்கோ ஏதோ கெட்டது நடக்கிறது, பழைய சேவுக்குப் போய் மாற்றிப் பார்த்தேன், அப்போதும் வேறு யாரோ செத்தார்கள். இதே கம்பெனி அடுத்து செய்த சைபர்பங்க் 2077 வந்த கதை ஊருக்கே தெரியும், 2020 டிசம்பரில் வந்து ஒரே வாரத்தில் சோனி தன் பிளேஸ்டேஷன் ஆன்லைன் கடையில் இருந்தே எடுத்துவிட்டது. 2023இல் 2.0 அப்டேட்டுக்குப் பிறகு நான் விளையாடினேன், நன்றாகவே இருந்தது. வேகாத சோற்றை இலையில் போட்டுவிட்டு மூன்று வருடம் கழித்துக் குழம்பு ஊற்றினார்கள் என்ற என் மச்சான் கருத்தையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கோபுரத்தில் ஏறினால் மேப் திறக்கும், மேப் முழுக்க நூற்றுக்கணக்கில் புள்ளி, ஒவ்வொரு புள்ளியிலும் அதே முகாம், அதே பெட்டி என்று வருகிற அசாசின்ஸ் கிரீட் வகையறா எல்லாம் எனக்கு ஆபீஸ் வேலை. அதிலும் வல்ஹாலா. அறுபது மணி நேரம் கழித்தும் இங்கிலாந்தில் இன்னும் ஒரு மாவட்டம் பாக்கி என்றார்கள், எங்கள் ஆபீஸ் மார்ச் மாதக் கணக்கு முடிப்பதே தேவலை. காசு போட்டுப் பெட்டி திறந்து ஆட்டக்காரனை எடுக்கிற கேம்களைப் பற்றி ஒரே வரிதான், 2018இல் பெல்ஜியத்தில் அந்த மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தார்கள், அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

கஷ்டத்துக்கே பேர் போன எல்டன் ரிங்கை எடுத்தபோது இது நமக்கு ஆகாது என்றுதான் நினைத்தேன். ஆரம்பத்தில் வெளியே வந்ததும் ஒரு தங்கக் குதிரைக்காரன் நிற்பான், நேராகப் போய் அவனிடம் பன்னிரண்டு தடவை செத்தேன். பதின்மூன்றாவது தடவைதான் புத்தி வந்தது, அவனைச் சுற்றிக்கொண்டு போகலாமே! யாரும் போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ரெட் டெட்டில் நான்கு அடி விலகினால் தோல்வி, இங்கே விலகிப் போவதுதான் விளையாட்டே. பதினைந்து மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து அவனை அடித்துச் சாய்த்தபோது கத்திய கத்தலில் பொண்ணு எழுந்துவிட்டாள், அந்த ராத்திரி அதற்கு மேல் கேம் இல்லை. குறையும் உண்டு, பின்பாதியில் ஏற்கெனவே அடித்த ஆளையே இரண்டு பேராக்கி, பெயரை மாற்றித் திரும்பக் கொண்டுவருவார்கள், சுரங்கங்கள் எல்லாம் ஒரே அச்சு. மலேனியா என்று ஒருத்தி, நம்மை வெட்டுகிற ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் உடம்பு தேறும். அவளை மட்டும் நான் அடிக்கவில்லை, அடித்தேன் என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

வெண்பா என்ற கேமைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பலகாரமாகச் செய்ய வேண்டும், 2023இல் வந்தது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர், நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த வீட்டம்மா "இது கூடத் தெரியாதா?" என்று மௌஸை வாங்கி முடித்துவிட்டார். ஒன்றரை மணி நேரத்தில் மொத்தமும் முடிந்துவிடும், அந்த விலைக்கு நீளம் பத்தாது, பையன் வளர்வதும் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடுகிறது. இதில் தோற்பது என்று ஒன்றும் கிடையாது, என் அளவுகோல் வேலைக்கே ஆகவில்லை. ஆனால் மகனிடம் அம்மா தமிழில் கேட்க, அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற இடத்தில் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை, ஏனென்றால் எங்கள் பொண்ணும் கோயம்புத்தூரிலேயே இருந்துகொண்டு அப்படித்தான் செய்கிறாள். தள்ளுபடி வரும்போது வாங்குங்கள்.

கடைசியாக, இருபது வருடமாக அழிக்காமல் வைத்திருக்கிற ஒரே கேம், ஊர் கட்டிப் படை திரட்டிச் சண்டை போடுகிற ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. 1999இல் வந்தது, 2019இல் புதுப்பித்து விட்டார்கள், இன்னும் ஆள் விளையாடிக்கொண்டே இருக்கிறார்கள். 2022இல் திராவிடர் என்று ஒரு தனி இனம் சேர்த்தார்கள், ராஜேந்திர சோழனுக்கு ஒரு கதைத் தொடர், சுருள்வாள் வீரன், கப்பல்படை, அதைவிட அந்த ஆட்கள் தமிழில் பேசுவது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் நாள் சண்டையே போடாமல் வில்லேஜரை, அதாவது வேலை செய்கிற ஊர்க்காரனை, கிளிக் செய்து கிளிக் செய்து கேட்டுக்கொண்டிருந்தேன். பாசத்தை ஒதுக்கிவைத்துச் சொன்னால், அரேபியா என்ற மேப் மாதிரித் திறந்த நிலத்தில் திராவிடர் தேறாது, நைட் என்ற கவசக் குதிரைப்படை கிடையாது, ஆரம்பத்திலேயே குதிரையோடு ஒருவன் உள்ளே வந்தால் முழி பிதுங்கும். தண்ணீர் இருக்கிற மேப் என்றால் நாம்தான் ராஜா.

இந்த கேமில் தோற்றுவிட்டு ஒரு தடவை கூட கேமைத் திட்டியதில்லை. ரீப்ளே போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், இருபத்தைந்து நொடிக்கு ஒரு வில்லேஜர் வந்துகொண்டே இருக்க வேண்டிய நேரத்தில் நான் பன்றியைத் துரத்திக்கொண்டு வில்லேஜரை உருவாக்கும் டவுன் சென்டரைச் சும்மா போட்டு வைத்திருப்பேன். ஓசூரில் இருக்கிற சித்தப்பா பையன்தான் எப்போதும் எதிராளி. "அண்ணா, உங்க டவுன் சென்டர் தூங்குது, எழுப்பி விடுங்க" என்று ஜெயிப்பதற்கு முன்பே போனில் சொல்லிவிடுவான், அவன் சொல்கிற நேரத்தில் பார்த்தால் உண்மையாகவே தூங்கிக்கொண்டிருக்கும்.

மணி பத்தரை ஆகிவிட்டது, லாபி போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். இன்றைக்கு ஐலண்ட்ஸ் மேப், நான் திராவிடரை எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை வேறு.