25 பாகை எப்படி மைனஸ் 4 ஆனது?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் அக்கா பட்டர் கேக் செய்முறை எழுதி அனுப்பியிருக்கிறார். போறணையை 350 பாகை பரனைற்றில் வைக்க வேண்டுமாம். உள்ளே காற்றாடி இருந்தால் 25 பாகை குறைக்க வேண்டுமாம். என்னுடையது காற்றாடி உள்ளது, ஆனால் செல்சியஸ் மட்டுமே காட்டும். 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுத்தேன். 350க்கு 177 வந்தது. 25க்கு மைனஸ் 4 வருகிறது. எவ்வளவு குறைப்பது?
– வாசகி, கொக்குவில்

பதில்: பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரி. 32ஐ இரண்டாவது முறை கழித்ததுதான் வினை.

தண்ணீர் உறையும் இடத்தைச் செல்சியஸ் 0 என்கிறது, பரனைற் 32 என்கிறது. கொதிக்கும் இடம் ஒன்றில் 100, மற்றதில் 212. ஆகவே ஒரே இடைவெளியை ஒன்று 100 படியாகவும் மற்றது 180 படியாகவும் பிரிக்கிறது. தொடங்கும் எண் வேறு என்பதற்காகத்தான் 32ஐக் கழிக்கிறோம். படியின் அளவு வேறு என்பதற்காக 5/9ஆல் பெருக்குகிறோம். அக்கா சொன்ன 25 ஒரு வித்தியாசம். வித்தியாசத்துக்குத் தொடக்கம் கிடையாது; 5/9 மட்டும் போதும். ஏறக்குறைய 14 வரும். 177இல் 14 போக 163. நம்பிக்கை வரவில்லையென்றால் அக்காவின் 350இல் முதலிலேயே 25ஐக் கழித்து, 325ஐ மாற்றிப் பாருங்கள். அதே 163தான்.

ரொறன்ரோவில் கோடைகாலக் காலை எட்டு மணி என்றால் கொக்குவிலில் மாலை ஐந்தரை. அதற்காக, ஒரு மணி நேரம் வேகவிடச் சொன்னால் ஒன்பதரை மணி நேரத்தைக் கூட்டுவோமா?

163 என்று திருகியில் குறி இருக்காது. 160ஐச் சற்றுத் தாண்டி வைத்தால் போதும். வீட்டுப் போறணைகள் பத்துப் பாகை முன்பின்னாகக் காட்டுவது சாதாரணம். அங்கே தசமம் பார்ப்பது வீண் வேலை.

உயர்தர மாணவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வெப்பநிலை 20 செல்சியஸ் உயர்ந்தது என்று வினாவில் இருந்தால், உடனே 273ஐக் கூட்டி 293 கெல்வின் என்று எழுதிவிடுகிறார்கள். உயர்ச்சி 20 கெல்வின்தான். கெல்வின் என்ற அளவும் செல்சியஸும் தொடங்கும் எண்ணில்தான் 273 வேறுபடுகின்றன; படி ஒன்றே.

மனக்கணக்காக மாற்ற ஒரு குறுக்குவழி உண்டு: 32ஐக் கழித்து, பாதியாக்கி, அதில் பத்தில் ஒன்றைக் கூட்டுவது. 350க்கு 175 வரும், கேக்குக்குத் தாராளம். காய்ச்சலுக்கு அதை நம்ப வேண்டாம். 102 பரனைற் உண்மையில் 38.9, குறுக்குவழி 38.5 என்று குறைத்துக் காட்டும். பிள்ளையின் உடம்பு 102இலிருந்து 100க்கு வந்தால், செல்சியஸில் இறங்கியது 1.1 பாகை மட்டுமே. வைத்தியரிடம் “இரண்டு பாகை இறங்கிவிட்டது” என்று சொல்லும்போது எந்த அளவில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.