கேள்வி நேரம்: இத்தாலியச் சுங்கான்

கேள்வி: கப்பலில் வேலை பார்த்த அப்பா விட்டுச்சென்ற இத்தாலியச் சுங்கானின் (புகையிலை புகைக்கும் பைப்) மேற்பரப்பு முழுக்கக் கரடுமுரடாகச் செதுக்கியிருக்கிறது. மரத்தின் குறையை மறைக்கத்தான் அப்படிச் செய்வார்கள் என்கிறார் நண்பர். சரியா?
- ஈசூன் வாசகர்

பதில்: பாதிதான் சரி. பிரையர் என்ற புதர்ச்செடியில், வேருக்கும் தண்டுக்கும் நடுவே மண்ணுக்குள் பருக்கும் முண்டுதான் மூலப்பொருள். கலாப்ரியா, லிகூரியா, டஸ்கனிப் பகுதிகளில் அதைத் தோண்டியெடுத்து, ஈரம் காயுமுன் அறுத்து, பல மணி நேரம் கொதிக்கவைத்துச் சாற்றை இறக்கி, மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். உள்ளே சிறு குழிகள் இருப்பது கடையும்போதுதான் தெரியவரும். புகையிலை நிரப்பும் கிண்ணத்தின் உட்சுவரில் பெரிய குழி வந்தால் கட்டை வீண். வெளியே வந்தால் செதுக்கிவிடலாம். மலிவுச் சரக்கில் பட்டி வைத்து அடைத்துச் சாயம் பூசிவிடுவார்கள். அதற்குச் செதுக்கல் எவ்வளவோ மேல்.

ஆனால், இத்தாலியில் செதுக்கலே தனிக்கலை. கார்லோ ஸ்காட்டி 1947இல் கன்டூ நகரில் தொடங்கிய காஸ்டெல்லோ நிறுவனத்தின் ‘சீ ராக்’ வகை அதற்குப் பேர்போனது.

தரம் பார்க்க, மேற்பரப்பை விடுங்கள், புகை வரும் துளையைப் பாருங்கள். நேர்ச் சுங்கான் என்றால், வாய்க்குழலைக் கழற்றாமலே பைப் கிளீனரை (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) உள்ளே விடுங்கள். எங்கும் முட்டாமல் போய், கிண்ணத்தின் அடியில் நட்டநடுவே தலைகாட்ட வேண்டும். துளை அதற்கு மேலே இருந்தால் அடிப்புகையிலை எரியாமல் ஈரமாகத் தங்கிவிடும்.

கேள்வி: புகைக்கும்போது களகளவென்று சத்தம் வருகிறதே?
- தெம்பனிஸ் வாசகர்

பதில்: ஈரப் புகையிலையும் அவசர இழுப்பும் முதல் காரணங்கள். அடுத்தது இணைப்பு. வாய்க்குழலின் முளை (தண்டுக்குள் செருகும் முனை), கிண்ணத்திலிருந்து நீளும் தண்டின் துளையின் அடியைக் கிட்டத்தட்டத் தொட வேண்டும். நன்றாக ஆறியபின் கழற்றி, தீக்குச்சியால் துளையின் ஆழத்தை அளந்து, முளையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். 1 மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை. 3 மி.மீ. என்றால் புகை அங்கே குளிர்ந்து நீராகத் தேங்கும். சூட்டோடு கழற்றினால் தண்டு விரிசல் விடும், ஜாக்கிரதை. 1876இல் மிலானில் தொடங்கிய சவினெல்லி நிறுவனத்தின் சுங்கான் பலவற்றில் ஈரம் உறிஞ்ச பால்சா மரத்துண்டு செருகலாம்.

கேள்வி: வாய்க்குழல் பச்சைபடிந்து கசக்கிறது.
- ஜூரோங் வாசகர்

பதில்: அது எபோனைட் என்னும் கெட்டி ரப்பர். அதிலுள்ள கந்தகம் வெயில் பட்டு இப்படியாகும், சன்னலோரம் வைக்காதீர்கள். 1000, பிறகு 2000 எண் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து மெருகேற்றுங்கள். தண்டில் மாட்டியபடியே தேய்த்தால்தான் இணைப்பின் விளிம்பு மழுங்காது. மரத்தின்மேல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். வெந்நீர் கூடவே கூடாது. இத்தாலியர் பெரும்பாலும் அக்ரிலிக் போடுவதால் இந்தத் தொல்லை குறைவு, பல்லுக்குத்தான் கடினம். நம் ஊர்ப் புழுக்கத்தில் தோலுறையில் மூடிவைத்தால் கிண்ணத்தில் பூஞ்சை பிடிக்கும். கேமராவுக்கான உலர்பெட்டி வீட்டில் இருந்தால் அதிலேயே ஓர் ஓரம் கொடுங்கள்.