போதகர் பதில்கள்: "சிலருடைய பலவீனம்"

கேள்வி: ஐயா, நமக்கு வேதத்தைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அதே வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவில் கறுப்பு மக்களை ஒதுக்கிவைத்தார்களே, அது எப்படி? அவர்களில் ஒருவருக்குக்கூட மனசாட்சி உறுத்தவில்லையா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உறுத்தியது, அம்மா. ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பல வருஷமாக என் மனதைவிட்டுப் போகாத மனிதர் அவர். பெயர் பேயர்ஸ் நௌடே.

ஆனால் அவரிடம் போகுமுன் உங்கள் "எப்படி"க்குப் பதில் சொல்ல வேண்டும். அது திருவிருந்து மேசையில் ஆரம்பித்தது. 1857இல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் டச்சு சீர்திருத்தச் சபையின் சினாட், அதாவது சபையின் உயர் மன்றம், கூடியது. கறுப்பு விசுவாசிகள் வெள்ளையரோடு ஒரே சபையில் இருப்பதுதான் விரும்பத்தக்கது, வேதத்துக்கும் ஏற்றது என்று அந்த சினாட்டே ஒப்புக்கொண்டது. அப்புறம் ஒரு வாசகத்தைச் சேர்த்தது: "சிலருடைய பலவீனத்தினால்" அது இயலாத இடங்களில் தனித்தனியாக ஆராதித்துக்கொள்ளலாம். பலவீனம் யாருடையது? கறுப்பரோடு ஒரே மேசைக்கு வர மனமில்லாத வெள்ளையருடையது. அவர்களுக்காகக் கொடுத்த சலுகை 1881இல் தனிச் சபையாகவே ஆனது. 1948இல் இனஒதுக்கலைக் கொள்கையாகவே வைத்திருந்த கட்சி ஆட்சிக்கு வந்தது. 1949இல் வெள்ளையருக்கும் மற்ற இனத்தாருக்கும் இடையே திருமணத்துக்குத் தடை, 1950இல் இனத்துக்கு ஒரு குடியிருப்பு என்ற சட்டம்.

வேத ஆதாரமும் தேடிப் பிடித்தார்கள். பாபேல் கோபுரத்தில் மொழிகளைப் பிரித்தவர் தேவன்தானே என்றார்கள். அப்போஸ்தலர் 17:26ஐக் காட்டினார்கள். அந்த வசனத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். ஜனங்களுடைய "குடியிருப்பின் எல்லைகளை" தேவன் குறித்திருக்கிறார் என்பது அதன் பின்பாதி. சகல ஜனங்களையும் "ஒரே இரத்தத்தினாலே" தோன்றப்பண்ணினார் என்பது முன்பாதி. பின்பாதிக்குக் கொடுத்த அழுத்தத்தை முன்பாதிக்குக் கொடுக்கவில்லை.

இந்தச் சபையின் பிள்ளைதான் நௌடே. 1915இல் பிறந்தவர், அப்பாவும் போதகர். ஆஃப்ரிகானர்களின், அதாவது பெரும்பாலும் டச்சு வழிவந்த வெள்ளையரின், செல்வாக்கை வளர்ப்பதற்காக 1918இல் ஆரம்பித்து, பின்னால் ரகசியச் சங்கமாக மாறிய புரூடர்பாண்டின் நிறுவனர்களில் அப்பா ஒருவர். மகனும் 25 வயதில் அதில் சேர்ந்தார். போதகராகி ஏறக்குறைய இருபது வருஷம் இனஒதுக்கலுக்கு எதிராக அவர் வாய் திறக்கவில்லை. நல்ல பிரசங்கி, மதிப்புக்குரியவர், மேலே மேலே போய்க்கொண்டிருந்தவர். கறுப்பர் சபைகளில் ஊழியம் செய்த சில இளம் வெள்ளைப் போதகர்கள் "நீங்களே வந்து பாருங்கள்" என்று அவரை அழைத்தார்கள். போனார். கண்டதை மறக்க முடியவில்லை.

1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில் போராடிய கறுப்பு மக்களைப் போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். அந்த டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கின் காட்டஸ்லோவில் சபைகள் கூடிப் பேசின. இயேசுவை விசுவாசிக்கிற யாரையும் நிறத்துக்காகச் சபைக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்று அறிக்கை வந்தது. பிரதமர் வெர்வூர்ட் கோபப்பட்டார். டச்சு சபையின் பிரதிநிதிகள் பலர் பின்வாங்கினார்கள். நௌடே பின்வாங்கவில்லை.

1963இல் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து இயங்கும் ஒரு கிறிஸ்தவ நிறுவனத்தைத் தொடங்க அவர் துணைநின்றார். அதன் பொறுப்பா, போதகர் பட்டமா, ஒன்றைத் தேர்ந்துகொள் என்றது சபை. செப்டம்பர் 22ஆம் தேதி தன் சபையாருக்குத் தன் முடிவைச் சொல்லிப் பிரசங்கித்தார். எடுத்துக்கொண்ட வசனம், "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது." அப்போது அவருக்கு 48 வயது.

இவர் என் மனதைவிட்டுப் போகாததற்குக் காரணம் உண்டு, அம்மா. எனக்கு அந்த "பலவீனம்" என்ற வார்த்தை நன்றாகத் தெரியும். நான் இளம் போதகனாக முதலில் போன கிராமச் சபையில் முன்வரிசைக் குடும்பங்கள் முதலில் திருவிருந்து எடுத்து முடிப்பார்கள், அதற்கப்புறம்தான் பின் பெஞ்சுக்காரர்கள் எழுந்து வருவார்கள். சாதிதான். ஒரே பாத்திரம், ஆனால் பின் பெஞ்சுக்காரர்கள் உதடு பட்டபின் முன்வரிசைக்காரர்கள் தொடமாட்டார்கள். "கொஞ்சம் பொறுங்கள் ஐயா, சபை உடைந்துவிடும்" என்றார் ஒரு பெரியவர். இரண்டு வருஷம் பொறுத்தேன். சிலருடைய பலவீனத்துக்காக. மூன்றாம் வருஷம் ஒரு ஈஸ்டர் அன்று பின் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தேன். ஆறு குடும்பங்கள் எழுந்து வெளியே போயின. அதைவிட, பின் பெஞ்சிலிருந்து முதலில் வந்த பாட்டியின் கை நடுங்கியதுதான் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அந்த இரண்டு வருஷத்துக்கு நான் தேவனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டால் போதாது என்று அன்றைக்குப் புரிந்தது.

கேள்வி: போதகருக்கு அரசியல் எதற்கு? ஆத்துமாக்களைக் கவனித்தால் போதாதா?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நௌடேயிடமும் இதைத்தான் கேட்டார்கள், தம்பி. யார் கேட்டார்கள் என்று பாருங்கள். ஆளும் கட்சிக்காகப் பிரசங்க பீடத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தவர்கள்! அது அவர்களுக்கு அரசியலாகத் தெரியவில்லை. யார் எங்கே குடியிருக்கலாம், யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்று சட்டம் போடும்போது, அது ஆத்துமாவைத் தொடாத விஷயம் என்று எப்படிச் சொல்வது?

அவர் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன். 1977 அக்டோபர் 19இல் அரசு அந்த நிறுவனத்தைத் தடை செய்தது, அவருக்கும் தடை உத்தரவு போட்டது. ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் சந்திக்கக் கூடாது. அவர் சொன்னதை யாரும் மேற்கோள் காட்டக் கூடாது. ஏழு வருஷம் அப்படி. பிரசங்கித்தே பழகியவருக்குப் பேசத் தடை. அந்தக் காலத்தில் மக்கள் ஒவ்வொருவராக அவர் வீட்டுக்கு வந்து ஆலோசனை கேட்டுப் போனார்கள். இதற்கு ஊழியம் என்றல்லாமல் வேறென்ன பெயர் வைப்பீர்கள்?

1980இல் வெள்ளையர் சபையை விட்டு அதன் கறுப்பர் சபையில் சேர்ந்தார். 1985இல் கறுப்பு பிஷப் டெஸ்மண்ட் டூட்டுவுக்குப் பிறகு தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றத்தின் பொதுச் செயலாளர் ஆனார்.

கேள்வி: அந்தச் சபை பிறகு மன்னிப்புக் கேட்டதா? கேட்டால் போதுமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கேட்டது. 1990 நவம்பரில் ரஸ்டன்பர்க்கில் நடந்த சபைகளின் மாநாட்டில் வில்லி யோங்கர் என்ற வெள்ளை இறையியல் பேராசிரியர் எழுந்து, தன் பாவத்தையும் தன் சபையின் பாவத்தையும் அறிக்கையிட்டார். டூட்டு எழுந்து, மன்னிக்கிறோம் என்றார். 1994இல் சபையின் பொது சினாட்டுக்கு நெல்சன் மண்டேலா வந்து பேசினார். நௌடேயிடமும் சபை மன்னிப்புக் கேட்டது. அவர் விலகி 31 வருஷத்துக்குப் பிறகு.

போதுமா என்றால், போதாது. "கலப்பினத்தவர்" என்று ஒதுக்கப்பட்டவர்களின் சபை 1982இல் பெல்ஹாரில் ஒரு விசுவாச அறிக்கையை எழுதி, 1986இல் ஏற்றுக்கொண்டது. தேவன் அநீதிக்குள்ளானவர்களின் பக்கம் நிற்கிறார், சபை பிரிந்திருப்பது பாவம் என்பது அதன் சாரம். அந்தச் சபையும் கறுப்பர் சபையின் பெரும்பகுதியும் 1994இல் ஒரே சபையாகச் சேர்ந்தபோது அந்த அறிக்கையோடு சேர்ந்தன. வெள்ளையர் சபை இன்னும் அவர்களோடு ஒரே சபையாகவில்லை. 1857இல் பிரித்த மேசை அது.

நௌடே 2004இல், தன் 89ஆம் வயதில் இறந்தார். அவருடைய சாம்பலை வெள்ளையர் கல்லறைத் தோட்டம் எதற்கும் கொண்டுபோகவில்லை. ஜோகன்னஸ்பர்க்கின் கறுப்பு மக்கள் வாழும் அலெக்ஸாண்ட்ராவில் தூவினார்கள்.